ஜமாபந்தி மேசைக்கு அந்தப் பக்கம்

ஊர்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கிற ஜமாபந்திக்குப் போனால் முதலில் சங்கிலியைப் பாருங்கள்! மேலூரோ, உசிலம்பட்டியோ, பேரையூரோ, எந்தத் தாலுகா ஆபீஸாக இருந்தாலும் நில அளவைச் சாமான்களை எடுத்துப் பரப்பி வைத்திருப்பார்கள். ஜமாபந்தி அலுவலர் வந்ததும் சங்கிலியை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, அளவு சரிதானா என்று பார்ப்பார். மறுநாள் பேப்பரில் வரும் படமும் பெரும்பாலும் அதுதான். பழைய கன்டர் சங்கிலிக்கு நீளம் 66 அடி, கண்ணிகள் 100. நீளவாட்டில் ஒரு சங்கிலி, அகலவாட்டில் ஒரு சங்கிலி போட்டால் கிடைக்கிற சதுரம் சரியாக 10 சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு மாவட்டத்தின் மண் முழுக்க இந்த இரும்புக் கண்ணிகளுக்குள் அடங்கிப்போனதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்த்துப்போகிறது.

ஆனால் நான் உங்களைக் கூட்டிப்போக நினைப்பது அந்த மேசைக்குப் பின்னால். பந்தலில் மனுவோடு நிற்கிற எல்லோரும் நடு நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பக்கவாட்டில், சிவப்பு நாடா கட்டிய பதிவேடுகளுக்கு நடுவில் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள். சிரஸ்தார், தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர், கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த மேலாளர். பதவிப் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்: ஓர் ஊர் ஓராண்டில் என்ன செய்தது என்பதைக் கணக்கைப் புரட்டியே கண்டுபிடிப்பது. வருவாய்த்துறையிலேயே துப்பறியும் வேலை இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

அவர்களுடைய ஆண்டு ஜனவரியிலும் பிறக்காது, சித்திரையிலும் பிறக்காது. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிற பசலி ஆண்டு, அக்பர் காலத்து அறுவடைக் கணக்கின் வழிவந்தது. 2025 கோடையில் மதுரை மாவட்டத்தின் 11 தாலுகாக்களிலும் விரித்துவைத்துப் பார்த்தது 1434-ம் பசலி! சில ஊர்கள் சேர்ந்த ஒவ்வோர் உள்வட்டத்துக்கும் ஒரு நாள் குறித்துவிடுவார்கள். அன்றைக்கு அந்த உள்வட்டத்துக் கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது வி.ஏ.ஓ.க்கள், எல்லாரும் கணக்குகளோடு ஆஜர்.

இனிமேல்தான் விளையாட்டு. மேசையில் முதலில் திறப்பது அடங்கல். எந்தச் சர்வே எண்ணில், எந்த மாதத்தில், என்ன பயிர், எங்கிருந்து தண்ணீர் என்று வயல்வயலாகச் சொல்கிற புத்தகம் அது. பக்கத்தில் அ-பதிவேடு. நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்பதற்கு அதுதான் ஆதி. அப்புறம் சிட்டா, 2-சி மரப்பட்டாக் கணக்கு, மழைக் கணக்கு. அனுபவசாலி ஒருவர் இவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கமாட்டார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் படிப்பார். மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நெல், பாசனம் பெரியாறு கால்வாய் என்று எழுதியிருக்கிறது. 1895 முதல் அந்தத் தண்ணீர் வருகிற பூமிதான். ஆனால் அந்த மாதம் கால்வாய் திறக்கவே இல்லையே! பேனா அந்த வரியிலேயே நின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரா? போர் போட்டாரா? கிணறு எந்தச் சர்வே எண்ணில்? பேரையூர்க் கரிசலில் பருத்தி இருக்க வேண்டிய இடத்தில் நெல் என்று இருந்தாலும் இதே குறுக்குவிசாரணைதான். உரிமையில்லாமல் அரசுத் தண்ணீரைப் பாய்ச்சியிருந்தால் தீர்வை ஜாஸ்தி. கண்மாய்ப் புறம்போக்கை வளைத்திருந்தால் பி-மெமோ என்கிற ஆக்கிரமிப்புக் குறிப்பு. கடைசியில் பயிர்வாரி மொத்தமும் தரிசும் புறம்போக்கும் கூடி, அ-பதிவேட்டின் பரப்போடு ஒரு ஏர்கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தும் அந்த நொடியில் எதிரே நிற்கிற வி.ஏ.ஓ. விடுகிற மூச்சு பந்தல் வரைக்கும் கேட்கும்!

இந்த மேசைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு மேலூரையே காட்டுவேன். 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த உ.சகாயம், கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கும் நியமித்தது. ஒரு குவாரிப் பள்ளத்தைக் காட்டி "இங்கே கண்மாய் இருந்தது, இந்த வழியாக ஓடை போனது" என்று சொல்ல வேண்டுமானால் அதை எழுதிவைத்த ஏடு ஒன்று வேண்டும். ஏதோ ஒரு பசலியில் யாரோ ஒருவர் சலிக்காமல் சரிபார்த்த வரிதான், கண்மாய் மறைந்தபிறகும் அதற்காகப் பேசுகிறது.

தவறான வரிக்கும் அதே ஆயுள் உண்டு. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற பெயரில் நிலப் பதிவுகளையெல்லாம் புதுப்பித்தார்கள். அப்போது விடுபட்ட தகப்பன் பெயர், கூட்டுப்பட்டாவில் தவறி ஏறிய பங்காளி, இடம் மாறிய உட்பிரிவு எண் எல்லாம் இன்றைக்கும் மனுவாக வருகின்றன. நடுவே 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வந்த வி.ஏ.ஓ.க்கள் கைக்குக் கணக்குகள் மாறின. பிறகு 'தமிழ்நிலம்' மென்பொருள் வந்தது. இப்போது அதே மேசையில் கணினியில் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். கணக்கு ஹெக்டேரில், மனு கொடுக்கிற பெரியவர் பேசுவது சென்ட்டிலும் குழியிலும்! பதிவேட்டுக்குப் பின்னால் இருப்பவர் கால்குலேட்டரைத் தொடாமல் மாற்றிச் சொல்வார். "ஐயா, உங்களது 40 சென்ட் இல்லை, 38தான். மேற்கே உங்க தம்பி பட்டாவில் அந்த ரெண்டு சென்ட் நிக்குது" என்று அவர் சொல்ல, பெரியவர் வாயடைத்து நிற்பார். அந்தக் காட்சிக்காகவே நான் நாள் முழுக்க அங்கே நிற்பேன்.

கடைசி நாள் குடிகள் மாநாடு. பட்டா மாறுதல் ஆணை, முதியோர் உதவித்தொகை ஆணை எல்லாம் மேடையில் வைத்துக் கொடுப்பார்கள். கைதட்டல் மேடைக்குத்தான். அந்த ஆணைகளுக்குக் குறிப்பு எழுதியவர்கள் அப்போதும் உள்ளே, நிலுவை மனுக்களைப் பிரித்து யாருக்கு எது என்று அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஜூலை 1-ல் அடுத்த பசலி பிறந்துவிடுகிறதே!

உங்கள் உள்வட்டத்துக்கு எந்த நாள் என்று மே மாதமே அறிவிப்பு வந்துவிடும். சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மனு கொடுத்த கையோடு, உங்கள் நிலத்துக்கு அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பக்க மேசையில் கேளுங்கள். பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டுவார்கள்.