பித்தளையின் பதம்

பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் சாலையை ஒட்டிய தோட்டங்களில் பித்தளைக் குடத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்குடம் உருவான விதத்தைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். கன்னான் தகட்டைச் சுத்தியால் அடிக்க அடிக்க, அது முறுக்கேறிக் கடினமாகிறது. மேலும் அடித்தால் விளிம்பு கீறிவிடும். ஆகவே உலையிற் காய்ச்சி இளக்கியபின் மீண்டும் அடிக்கிறான். காய்ந்த எஃகை நீரில் தோய்த்தால் இறுகும். பித்தளையோ தோய்த்தாலும் இளகியே நிற்கும்.

துப்பாக்கி ரவையின் கூடும் இவ்வினப் பித்தளையே. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு நாகம். வட்டத் தகட்டை அச்சுக்களினூடே பலமுறை அழுத்தி நீட்டி, இடையிடையே காய்ச்சி அதனைச் செய்கின்றனர். இக்கடைசிச் சூட்டில் நேர்ந்த குறை ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் ஒரு புதிராகவே விளங்கிற்று. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட ரவைகளின் கூடுகள், எவரும் தொடாமலே, குண்டைக் கவ்விய கழுத்தில் வெடித்திருந்தன. பருவத்தின் மேல் பழி போட்டு அதற்குப் 'பருவ வெடிப்பு' என்று பெயரும் இட்டனர்! 1921 ஆம் ஆண்டிலே மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் உண்மையை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றிற் கலந்து, உள்ளே இறுக்கம் அடங்கிக் கிடந்த பித்தளையைப் பிளந்தது. இறுக்கத்தைச் சூட்டினால் நீக்கிய பித்தளை அவ்வாறு பிளவுபடுவதில்லை.

அங்ஙனமாயின் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்? வெப்பத்தின் அளவைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொல்லுதல் பயனற்றது. ஏறத்தாழ 250 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளிறுக்கம் பெரிதும் தணியும். கடினம் அதிகம் குறையாது. சுடரில் காட்டும்போதோ சில விநாடிகளிலேயே காரியம் முடிந்துவிடும். அதற்குமேல் தாமதித்தால் உலோகத்தின் மணிகள் பருத்து, வலிமை குன்றும். அத்தகைய தகட்டை வளைத்தால் மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலச் சொரசொரப்பாகும். பகலொளியில் செந்தணலாகத் தோன்றும் வரை காத்திருப்பது குடம் செய்பவனுக்கு ஒருவேளை பொருந்தும். ரவைக்கூட்டின் கழுத்துக்கு அது மிகை.

இன்னுமொரு சிக்கல், கழுத்து இளகவேண்டும். அடிப்பாகம் இளகவே கூடாது. மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தை அடிப்பாகமே தாங்குகிறது. அது மென்மையுற்றால் பொங்கும் வாயு பின்னோக்கிச் சீறிச் சுடுபவனின் முகத்தையே தாக்கக்கூடும். மிகையாக இளகியதை மறுபடி சூடேற்றிக் கடினமாக்கவும் முடியாது. ஆதலால் ஆலைகளில் கழுத்தின்மேல் மட்டும் சுடர் படுமாறு கூட்டைச் சுழற்றிச் செலுத்துகின்றனர். சூட்டின் அளவை அறிய, குறித்த வெப்பத்தில் உருகியோ நிறம் மாறியோ காட்டும் பூச்சுக்களும் உண்டு.

சில படைகளுக்குரிய கூடுகளில் கழுத்தோரம் காணப்படும் நீலம் பாய்ந்த மங்கல் நிறத்தைத் துடைக்காமலே விட்டுவிடுகின்றனர்; பார்ப்பவர் அதனை அழுக்கென்று கருதலாம், ஆனால் சோதனையாளருக்கு அதுவே சூடு பட்டதற்கான சான்று.