நான்கு தலைமுறை உழைத்த நிலம்: பட்டா யார் பெயரில்? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாத்தா மாடு மேய்த்த இடம். அப்பா வாழை வைத்த இடம். இப்போது நீங்கள் கீரையும் வெண்டைக்காயும் போட்டு, கிள்ளான் சந்தைக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கும் அனுப்பும் இடம். எல்லாம் ஒரே நிலம்தான். ஆனால் 'பட்டா எங்கே?' என்று யாராவது கேட்டால், அலமாரியிலிருந்து வருவது பட்டா அல்ல, 'எல்.பி.எஸ்' என்று தலைப்பிட்ட ஓர் உரிமத் தாள். சில வீடுகளில் அதுவும் இல்லை.

காப்பார், பந்திங், டெங்கில் வட்டாரங்களில் மாடு வளர்ப்பவர்களையும் சிறு விவசாயிகளையும் கேட்டால், "இத்தனை வருஷமா இருக்கோம், எங்களை எப்படி எழுப்ப முடியும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலேசிய நிலச் சட்டம் அதற்குச் சொல்லும் பதில் பலருக்குத் தெரிவதில்லை.

தோட்டத்தில் பிறந்தும் நிலம் இல்லாமல் போனது ஏன்?

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணி முறையிலும் வந்த நம் முன்னோர், நிலத்துக்குக் குடியேறிகளாக வரவில்லை. கூலி வேலைக்குத்தான் வந்தார்கள். லயத்து வீடு, பின்பக்கம் காய்கறிப் பாத்தி, ஒரு மாட்டுக் கொட்டகை என எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் இருந்தன. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும், மாட்டுக்கு மேய்ச்சலும் போகும்.

என்றாலும் அந்தப் பாத்தியும் கொட்டகையும் சாதாரண விஷயம் அல்ல. பால் வெட்டும் சம்பளம் போதாதபோது குடும்பத்தைத் தாங்கியது அதுதான். இந்த நாட்டில் 'உள்ளூர் இந்தியப் பால் மாடு' என்றே ஒரு மாட்டு ரகம் அறியப்படுகிறது. இந்தியர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல் அது.

துண்டாடலும் 10 வெள்ளியும்

1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் பெரிய தோட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் போட்டு மறுபடி விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் ஏராளம்.

அதற்குப் பதிலாக 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்ட, அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். இன்று நீங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும் ஜாலான் துன் சம்பந்தன் அவர் பெயரைத் தாங்கியதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கேயும் நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. உறுப்பினரிடம் இருந்தது பங்கு, தனிப் பட்டா அல்ல.

அடுத்த அலை நகரமயம். சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1995-லிருந்து புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. அடுக்குமாடியில் மாட்டுக்கு இடம் ஏது, பாத்திக்கு இடம் ஏது? தலைமுறையாக வந்த விவசாயம் பல குடும்பங்களில் அங்கேயே நின்றது.

விடாமல் தொடர்ந்தவர்கள் அரசு நிலங்களுக்கும், மின்கம்பி ஓரங்களுக்கும், ஆற்றோரங்களுக்கும் நகர்ந்தார்கள். சிலர் எல்.பி.எஸ் எடுத்தார்கள். சிலர் எதுவும் எடுக்கவில்லை.

எல்.பி.எஸ் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் டி.ஓ.எல், மலாயில் எல்.பி.எஸ், தமிழில் தற்காலிக நில உரிமம். 1965 தேசிய நிலச் சட்டத்தின்கீழ் அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரும் அனுமதி இது. இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்:

• ஆயுள் அந்த ஆண்டோடு சரி. பிப்ரவரியில் எடுத்தாலும் அக்டோபரில் எடுத்தாலும் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

• யாருக்கும் மாற்றித் தர முடியாது. விற்கவோ எழுதிக் கொடுக்கவோ வழியில்லை.

• உரிமம் பெற்றவர் இறந்தால், உரிமமும் அத்தோடு முடிந்தது. அது சொத்து அல்ல. வாரிசுக்கு வராது.

இந்த மூன்றாவதில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. தாத்தா இறந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். உரிமம் அவர் பெயரில்தான் இருந்திருக்கும். பேரன் அதே நிலத்தில் நல்லபடியாக விவசாயம் செய்துகொண்டிருப்பார். சட்டத்தின் பார்வையில் அவர் அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பவர், அது குற்றமும் ஆகும். அவர் புதிதாகத் தன் பெயரில் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

'இத்தனை வருஷம் இருந்தா நமக்கே சொந்தம்' என்பது உண்மையா?

மலேசியாவில் உண்மை இல்லை. இந்தியாவில் தனியார் நிலத்தை 12 ஆண்டுகள் எதிர்ப்பின்றி அனுபவித்தவர், சில நிபந்தனைகளோடு உரிமை கோரலாம். அங்குள்ள உறவினர்கள் சொல்லி இந்த எண்ணம் இங்கேயும் பரவியிருக்கலாம். இங்கே நடைமுறையில் இருப்பது ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறை. பதிவேட்டில் யார் பெயரோ, அவரே உரிமையாளர். அரசு நிலமானாலும் தனியார் நிலமானாலும், அனுபவித்த காலத்தை மட்டும் வைத்து உரிமை வராது என்று தேசிய நிலச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

மின்கட்டண ரசீது, தண்ணீர் ரசீது, வாக்காளர் முகவரி இவை எதுவும் பட்டா ஆகாது. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிலத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், மாற்று இடம் அல்லது 'சாகுஹாத்தி' எனப்படும் கருணைத் தொகை பற்றிப் பேசும்போதும், எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று காட்ட இவை உதவும்.

சரி, பட்டா இருக்கிறது. அப்போது கவலை இல்லையா?

கவலை வேறு மாதிரி வரும். காலமான தாத்தாவின் பெயரிலேயே பட்டா தூங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வாரிசுகள் பெருகப் பெருக, ஒவ்வொருவர் கையெழுத்தும் தேவைப்படும்.

உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958 பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. பெற்றோர் உயிரோடு இல்லாமல், துணையும் பிள்ளைகளும் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால்.

அதோடு இன்னொரு சிக்கல். விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழே தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்க முடியாது. இரண்டு ஏக்கரும் நான்கு பிள்ளைகளும் இருந்தால், ஆளுக்கு அரை ஏக்கர் பட்டா கிடைக்காது. ஒரே பட்டாவில் நால்வர் பெயரும் பிரிக்கப்படாத பங்காக ஏறும். அதன்பிறகு மொத்த நிலத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும். உழைப்பது ஒருவர், பங்கு நால்வருக்கு என்றால் மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். பெரியவர் இருக்கும்போதே பேசி, உயில் எழுதி வைப்பது நல்லது என்பது இதற்குத்தான்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

1. நிலம் யாருடையது என்று பாருங்கள். நில எண் தெரிந்தால் நில அலுவலகத்தில் 'சாரியான்' எனப்படும் நிலத் தேடலுக்குக் கட்டணம் கட்டி, உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, குத்தகைக் காலம் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

2. எல்.பி.எஸ் என்றால், யார் பெயரில் இருக்கிறது, இந்த ஆண்டுக்குப் புதுப்பித்தாயிற்றா என்று பாருங்கள். பெயருக்குரியவர் காலமாகியிருந்தால் தாமதிக்காமல் உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள்.

3. நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க மாவட்ட நில அலுவலகம் போக வேண்டும். நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது, ஆகவே முடிவு சிலாங்கூர் அரசின் கையில். கோலாலம்பூர் என்றால் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம். ஒப்புதல் கிடைத்தால் '5ஏ' நோட்டீஸ் வரும். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் ஒப்புதலே காலாவதியாகிவிடும். முகவரி மாறியிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

4. பட்டா காலமானவர் பெயரில் இருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டு முறையில் நில அலுவலகத்தின் பங்கீட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலை முதல் 50 லட்சம் ரிங்கிட் வரையிலான சொத்துகளுக்கு இந்த வழி உண்டு. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

5. வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம்.

உழைப்பு நிலத்தை விளைய வைக்கும். ஆனால் பதிவேட்டில் பெயரை ஏற்றாது. வீட்டில் பழைய தாள்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து, உங்களிடம் இருப்பது பட்டாவா உரிமமா, அதில் யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். உரிமம் என்றால், டிசம்பர் 31 வரைதான் அவகாசம்.