ஆலைக் காவலும் யந்திரம் கற்கும் பாடமும்

காஞ்சிமாநகரின் பெயரைக் கேட்டதும் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்நகரிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய ஊர்களில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும் மின்னணுச் சாமான் தொழிற்சாலைகளும் பெருகியிருப்பதை யாவரும் அறிவர். தந்தை தறிக்குழியில் அமர்ந்து நெய்ய, மகனோ மகளோ கம்பெனி பஸ்ஸில் ஏறி ஆலைக்குச் செல்வது நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் இன்று காணும் காட்சியாகும். ஆகவே ஆலைகளின் பாதுகாப்பு நமக்கு அயலார் விஷயம் அன்று.

அப்பாதுகாப்பைக் கண்காணிக்க இந்நாளில் 'யந்திரக் கற்றல்' என்னும் முறை கையாளப்பட்டு வருகிறது. அது நல்ல துணை என்பதில் ஐயமில்லை. எனினும், ஆலையின் நிலைமை மாறும்போது அத்துணை எவ்வாறு தவறக்கூடும் என்பதைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நலம்.

யந்திரம் எவ்வாறு கற்கிறது?

ஆலையில் உள்ள கொதிகலன், பம்பு, தொட்டி, குழாய் ஆகியவற்றில் சென்சார் எனப்படும் உணர்கருவிகள் பொருத்தப்படுகின்றன. வெப்பம், அழுத்தம், ஓட்டம், அதிர்வு முதலியவற்றை அவை இடைவிடாது அளந்து கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு மேல்வரம்பும் கீழ்வரம்பும் வகுத்து, அதைக் கடந்தால் மணி அடிக்கச் செய்வது பழைய முறை. இதற்கு அடிப்படையான கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் ஷூஹார்ட் வகுத்தார். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பின்பேரில் அவர் 1947-48-இல் நம் நாட்டுக்கும் வந்திருந்தார்.

தனித்தனி வரம்பு போதாது என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசை நீக்கும் சாயச்சாலை ஒன்றில் சிறு கொதிகலன் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாள் எரிந்த விறகின் அளவு வழக்கமானதே. நீராவியின் அழுத்தம் சற்றுக் குறைவு; ஆயினும் வரம்புக்குள்தான் இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு விறகுக்கு இவ்வளவு குறைந்த அழுத்தம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எங்கோ நீராவி கசிகிறது அல்லது உட்புறத்தில் உப்பு படிந்திருக்கிறது என்ற ஐயம் எழும்.

இவ்வாறு பல அளவுகளை ஒருங்கே வைத்து, ஒரு நிலை வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும் வழியை 1936-இல் உலகுக்கு அளித்தவர் மகலனோபிஸே ஆவார். மனிதரின் உடலளவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்ததன் வழியே பிறந்த அக்கணக்கு, 'மகலனோபிஸ் தொலைவு' என்ற பெயருடன் இன்று உலகெங்கும் ஆலைக் காவலுக்குப் பயன்படுகிறது. யந்திரக் கற்றல் என்பது இவ்வழியின் விரிவே எனலாம். ஆலை நலமாக ஓடிய நாட்களின் அளவுகளையெல்லாம் கணிப்பொறி படித்து, 'இதுவே வழக்கம்' என்று பாடம் செய்துகொள்கிறது. அப்பாடத்திலிருந்து விலகியதை அபாயம் என்று அறிவிக்கிறது. விபத்துகள் அரிதாகவே நிகழ்வதால், விபத்தைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அதற்குக் குறைவு. வழக்கத்தை மட்டுமே அது நன்கு அறியும்.

காலம் மாறினால்?

இங்குதான் சிக்கல் தோன்றுகிறது. சித்திரை வெயிலில் தெருவில் பாவு ஓட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துகிறோம். ஐப்பசி அடைமழையில் அது நடவாது. ஈரக் காற்றில் நூலின் இழுப்பும் மாறிவிடுகிறது. நெசவாளர் இதனால் திகைப்பதில்லை. மழை வந்தது என்பது அவருக்குத் தெரியும். கணிப்பொறியோ, தனக்குச் சொல்லப்படாத எதையும் அறியாது.

ஆலையிலும் பருவம் மாறுகிறது. கச்சாப்பொருள் வேறிடத்திலிருந்து வருகிறது. உற்பத்தி கூடுகிறது, குறைகிறது. பழைய பம்பை எடுத்துப் புதியது வைக்கிறார்கள். உணர்கருவியே வயதாகி அளவு பிசகுகிறது. இம்மாறுதல்களால் இருவகைத் தீங்கு உண்டாகும்.

முதலாவது, வீண் மணி. குற்றமற்ற மாறுதலையெல்லாம் அபாயம் என்று கருதி யந்திரம் ஓயாமல் மணி அடிக்கும். சில நாட்களில் தொழிலாளர் அதைக் கேட்டும் கேளாதிருப்பர். அல்லது மணியையே நிறுத்தி வைப்பர். உண்மையான அபாயம் வரும் நாளில் காவல் இராது.

இரண்டாவது, தவறான பழக்கம். வீண் மணியைத் தவிர்க்க, யந்திரம் நாள்தோறும் தானே புதுப்பாடம் கற்கும்படி அமைக்கிறார்கள். அப்போது மெல்ல மெல்ல வளரும் கோளாறையும் அது வழக்கம் என்றே பழகிவிடும். நாளுக்கு நாள் தேயும் தாங்கியும், சிறிது சிறிதாக அடைபடும் குழாயும் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகும். முன்னதைவிட இதுவே கொடியது. ஏனெனில் இதில் ஓசையே எழுவதில்லை.

இச்சிக்கலை ஆராய்ச்சியாளர் நன்கு அறிவர். 1993-இல் டௌன்ஸ், வோகல் என்னும் இருவர், அமெரிக்காவின் டென்னஸி ஈஸ்ட்மன் ரசாயன ஆலையைத் தழுவிக் கணிப்பொறிக்குள் ஒரு மாதிரி ஆலையை அமைத்து வெளியிட்டனர். அதில் அளக்கப்படும் அளவுகள் 41, திருத்தக்கூடிய விசைகள் 12, இடையூறுகள் 20, ஆலை ஓடும் வகைகள் 6. புதிய காவல் முறைகளைக் கண்டுபிடிப்போர் அவற்றை இன்றும் அம்மாதிரியில் சோதித்துப் பார்க்கின்றனர். ஒரு வகை ஓட்டத்தில் கற்ற பாடம் மற்றொரு வகைக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பது இத்தகைய சோதனைகளில் காணும் உண்மை.

விசாகப்பட்டினம் தந்த பாடம்

மாறிய நிலைமையைக் கண்காணிப்பு உணராமற்போனால் விளைவது என்ன என்பதை விசாகப்பட்டினம் காட்டியது. 2020 மே 7-ஆம் நாள் விடியுமுன், அங்குள்ள எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி, அருகிலுள்ள வெங்கடாபுரத்தில் உறங்கிக்கொண்டிருந்த மக்களைச் சூழ்ந்தது. 12 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

ஸ்டைரீன் என்பது பிளாஸ்டிக் செய்ய உதவும் திரவம். நெடுநாள் தேக்கி வைத்தால் அது தானாகவே பிணைந்து இறுகத் தொடங்கும். அப்போது வெப்பம் பிறக்கும்; வெப்பம் ஏற ஏறப் பிணைப்பும் விரைவுபடும். ஆகவே அதைக் குளிர்ச்சியாக வைத்து, பிணைப்பைத் தடுக்கும் மருந்தையும் போதிய அளவு கலந்துவர வேண்டும்.

ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2020 ஜூலையில் அளித்த அறிக்கை பல குறைகளை எடுத்துக்காட்டியது. அந்தப் பழைய தொட்டியில் வெப்பமானி அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. நடுவிலும் மேலும் இல்லை. 2019 டிசம்பரில் தொட்டியின் குழாய் அமைப்பு மாற்றப்பட்டதால், உள்ளிருந்த திரவம் முன்போல் மேலும் கீழும் கலக்கவில்லை. ஊரடங்கினால் ஆலை வாரக்கணக்கில் ஓடாமல் நிற்க, திரவம் அசையாமல் தேங்கியது. குளிரூட்டும் யந்திரம் இரவும் பகலும் இடைவிடாது ஓட்டப்படவில்லை. தடுப்பு மருந்தும் போதவில்லை. அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை. அடியில் இருந்த வெப்பமானி குளிர்ச்சியைக் காட்டிக்கொண்டிருக்க, மேலே இருந்த திரவம் காய்ந்தது.

அவ்விடத்தில் யந்திரக் கற்றல் இருந்திருந்தால் விபத்து தவிர்ந்திருக்குமா? அந்த ஒரே வெப்பமானியை நம்பி, டிசம்பருக்கு முந்தைய நாட்களைப் பாடமாகக் கொண்டிருந்தால், அதுவும் 'யாவும் நலம்' என்றே கூறியிருக்கக்கூடும். நெடுநாள் அசையாமல் நின்ற ஆலை அதன் பாடத்தில் இல்லை. குழாய் மாறியதும் அதற்குச் சொல்லப்பட்டிராது. அளக்காத இடத்தை எந்த அறிவும் காணாது. அறிவிக்காத மாறுதலை எந்தக் கணிப்பொறியும் அறியாது.

மாறாத வரம்பு வேண்டும்

இதற்கு எதிரான நற்சான்று நம் பக்கத்திலேயே உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி அலை, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்பாக்கத்தைத் தாக்கியது. சென்னை அணுமின் நிலையத்தின் பம்பு நிலையத்துள் கடல்நீர் புகுந்து, குளிர்விக்கும் நீரை இறைக்கும் பம்புகள் நின்றன. முதல் உலை பழுதுபார்ப்புக்காக முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. சுனாமியை அந்நிலையம் அதற்குமுன் கண்டதில்லை. ஆயினும் குளிர்விக்கும் நீர் நின்றால் உலையை நிறுத்த வேண்டும் என்ற விதிக்கு முன் அனுபவம் தேவைப்படவில்லை. காரணம் எதுவாயினும் அவ்விதி செல்லும்.

ஆகவே கற்கும் யந்திரம் வேறு, மாறாத வரம்பு வேறு. கொதிகலனின் பாதுகாப்பு வால்வு எப்பாடத்தையும் கற்பதில்லை. அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்கிறது. அதன் வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தல் ஒருபோதும் ஆகாது. கற்கும் யந்திரம் முன்கூட்டி எச்சரிக்கட்டும். இறுதிக் காவல் மாறாத வரம்பினிடமே இருக்கட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆலையில் பணிபுரியும் நம் பிள்ளைகளும், சாயச்சாலை, அரிசி ஆலை, குளிர்பதனக் கிடங்கு இவற்றை நடத்தும் சங்கங்களும் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

1. இக்காவல் யந்திரம் எந்தப் பருவத்தில், எவ்வகை ஓட்டத்தில் பாடம் கற்றது? மழைக்காலமும், வேலை நிறுத்தி மீண்டும் தொடங்கிய நாட்களும் அதில் அடங்கியுள்ளனவா?

2. மாறுதல் பதிவேடு இருக்கிறதா? குழாய், பம்பு, கச்சாப்பொருள், வேலைநேரம் எது மாறினாலும் தேதியிட்டு எழுதி, யந்திரத்தைப் பராமரிப்போருக்கு அறிவிக்க வேண்டும்.

3. புதுப்பாடம் கற்பிக்குமுன் யார் சரிபார்க்கிறார்கள்? அனுபவமுள்ள தொழிலாளர் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே புதிய வழக்கத்தை வழக்கமாகக் கொள்ள வேண்டும். முன்பு நேர்ந்த கோளாறுகளைப் புதிய பாடமும் கண்டுகொள்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

4. மணி அடித்தால் வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு? அடுத்து நிற்கும் தொழிலாளிக்கு அது இல்லையெனில், மணி இருந்தும் பயனில்லை.

இவற்றுள் பதிவேட்டுக்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவுமே. பெரிய ஆலையாயினும் சிறு சாயச்சாலையாயினும் அதை இன்றே தொடங்கலாம். கணக்குப் புத்தகத்தைப் பொதுச்சபையின் முன் வைத்து அங்கத்தினர் கேள்வி கேட்பது கூட்டுறவின் மரபு. பாதுகாப்புப் பதிவேட்டையும் அவ்வாறே ஆண்டுதோறும் சபையில் வைத்து வாசிக்கும் வழக்கத்தை நம் சங்கங்கள் ஏற்படுத்துமாயின், வரவு செலவுக்கு நிகராக உயிருக்கும் கணக்கு வைத்தவர்களாவோம்.