அடம் அல்ல, அவதி!

கோவில் கொடையில் கொட்டு முழங்குகிறது, கடையமே களிக்கிறது. ஒரு பிள்ளை மட்டும் காதைப் பொத்திக் கதறுகிறது. “அடம்!” என்று கை ஓங்குகிறார், உழைத்துக் களைத்த தந்தை.

அடமா அது? அல்ல தோழர்களே, அவதி!

கண், காது, தோல் அனுப்பும் செய்திகளை மூளை தரம் பிரிக்கிறது, வேண்டாததை ஒதுக்குகிறது. அந்த வேலை தடுமாறினால் கொட்டு இடியாகும். சட்டைத் துணியும் முள்ளாகும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது மிகுதி. 1972-லேயே இதை நூலாக எழுதினார் அமெரிக்க அம்மையார் ஜீன் அயர்ஸ். அடி இதற்கு மருந்தல்ல. ஊஞ்சல், மணல் விளையாட்டு என மெல்லப் பழக்கும் பயிற்சியே துணை.

பட்டணத்துக்கா ஓட வேண்டும்? இத்தகைய பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் அமர் சேவா சங்கம், 1981-இல் தோன்றியது, பக்கத்து ஆய்க்குடியில்தானே இருக்கிறது!

ஓங்கிய கை இறங்கட்டும். அதே கை பிள்ளையை ஆய்க்குடிக்கு அழைத்துச் செல்லட்டும்!