பழைய டீசல் எஞ்சினும் பேரேட்டுப் பாக்கியும்

1902-இலேயே சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் வந்த ஊர் நம் தங்கவயல். ஆயினும் சாம்பியன் ரீப்ஸில் கரண்ட் போன நாளெல்லாம் என் மாவு மில்லை ஓட்டியது, ராஜ்கோட்டில் செய்த லிஸ்டர் வகை டீசல் எஞ்சினே. 6 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 650 சுற்று. இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளிலும் பழைய லிஸ்டர் எஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றன.

இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் காற்று சூடேறி, பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. டீசல் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வடியவிட வேண்டும்.

நோயைச் சொல்வது புகை. கரும்புகை என்றால் பாரம் அதிகம், அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது.

2001-இல் சுரங்கம் மூடி வியாபாரம் படுத்தபோது, சிக்கனம் என்று ஆயில் மாற்றாமல் விட்டேன். தட்டும் சத்தம் கேட்டும், ஓடுகிறதே என்று இருந்துவிட்டேன். பேரிங் போயிற்று. பட்டறைக்குக் கொடுத்தது பல வருஷத்து ஆயில் விலை. அன்று முதல் ஆயில் மாற்றும் தேதியையும் பேரேட்டிலேயே எழுதி வருகிறேன். அதுவும் தீர்க்கவேண்டிய பாக்கிதானே!