தாத்தா ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த அந்தப் பெரியவருக்கு 68 வயது. "வயிறு உப்பசமா இருக்கு வைத்தியரே, நாலு நாளா வெளிக்குப் போவல" என்றார். திரிபலா சூரணம் கொடுத்தேன். வாசல் வரை போனவர், கதவைப் பிடித்தபடி திரும்பி, "ஒண்ணுக்கும் சரியா வரல" என்றார். அசல் வியாதி அதுதான்!

ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பார்கள். முறையை விட்டால் வரும்படி போச்சு. படகில் நின்றபடியே போகலாமே என்பீர்கள். அஞ்சு நிமிஷம் நின்றும் சொட்டுச் சொட்டாக வந்தால், கூட வரும் இளசுகள் சிரிக்காதா? அதனால் மத்தியானத்திலிருந்தே பெரியவர் தண்ணீர் குடிப்பதில்லை. மலம் இறுகியது அதனால்தான்.

சிறுநீர்ப்பையின் அடியில், நீர் இறங்கும் குழாயைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் இருப்பது புராஸ்டேட் சுரப்பி. 50 வயதுக்கு மேல் பலருக்கு இது வீங்கி, குழாயை நெருக்கும். மலக்குடல் அதற்கு நேர் பின்னால்தான். அங்கே மலம் கட்டினால் நீரும் தடைபடும். மலம், சிறுநீர் இரண்டையும் அடக்கக் கூடாத 14 வேகங்களில் சேர்த்திருக்கிறது சித்த மருத்துவம்.

நெருஞ்சில் குடிநீர் கொடுத்தேன். "தேவலாம்" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லாதது என் தப்புதான். மழைக்காலத்தில் சளி பிடிக்க, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சளி மாத்திரைகளில் பல, சிறுநீரை அடைத்துவிடும். ராத்திரியே ஒரு சொட்டு வரவில்லை. விடியற்காலையில் பொன்னேரிக்கு ஓடினார்கள். டியூப் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்களாம். கிரியேட்டினின் ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும்.

"அஞ்சு தடவை எழுந்திருப்பாரு. வயசானா அப்படித்தானேன்னு இருந்துட்டேன்" என்றார் அவர் மனைவி. குப்பத்தில் மட்டுமா, நம் வீடுகளிலும் அதே பேச்சுதான்! ராத்திரி இரண்டு தடவைக்கு மேல் எழுந்தாலே சர்க்கரை, சிறுநீர், கிரியேட்டினின் பரிசோதனையும் ஸ்கேனும் அவசியம். புற்றுநோய் இல்லையா என்று பார்க்க பி.எஸ்.ஏ. வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தாலும், அடியோடு அடைத்தாலும் கஷாயம் காய்ச்சிக் கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிதான். தண்ணீரைக் காலையிலும் பகலிலும் தாராளமாகக் குடித்து, படுக்கும் முன் குறைத்தால் போதும். மீன் குழம்பு இருக்கட்டும், கூடவே கீரையும் வேண்டும்.

பெரியவருக்கு ஆபரேஷன் ஆயிற்று. பிறகு ஒரு நாள், மறுபடி கதவருகே நின்று, "அந்த விஷயம்..." என்று இழுத்தார். ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். கெடுதல் இல்லை, பெரும்பாலோருக்கு உறவுக்கும் தடையில்லை என்றேன். எழுச்சியே குறைந்தால் அது வேறு சங்கதி. சர்க்கரையோ, இதய ரத்தக்குழாய் அடைப்போ முன்கூட்டியே காட்டும் அறிகுறியாக இருக்கலாம். லாட்ஜில் ரூம் போட்டு விற்கும் 'வீரிய' லேகியத்தில் இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதுண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.