கைதட்டிச் சுனை வரை

"தினமும் முப்பது நிமிடம் நடங்கள்" என்னும் அறிவுரையை எங்கள் இதயநோய்ப் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று நாங்கள் எண்ணியதில்லை. ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவாறே, "நீங்க நடக்கிறீங்களா டாக்டர்?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

எங்கள் மலைப்பட்டியல் அந்தக் கேள்வியில் பிறந்தது. இதயநோய், நுரையீரல், மயக்கவியல், எலும்பு மூட்டு எனப் பிரிவுக்கு ஒருவராக நால்வர் சேர்ந்தோம். அனைவரும் நாற்பதைக் கடந்தவர்கள். மயக்கவியல் மருத்துவருக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. வெறுமனே "நடப்போம்" என்று முடிவெடுத்தால் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவோம் என்பதை நோயாளிகளைப் பார்த்தே அறிந்திருந்தோம். ஆகவே சோளிங்கர், சேர்வராயன் மலை, பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி, மீசப்புலிமலை, அகத்தியர் மலை என ஏழு பெயர்களைத் தாளில் எழுதி ஓய்வறைச் சுவரில் ஒட்டினோம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) வேண்டுமென்றே விட்டுவிட்டோம்; காரில் போய் இறங்கக்கூடிய சிகரத்தில் நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்திலுள்ள மீசப்புலிமலை அதைவிட மூன்று மீட்டர் உயரம் என்பதில் எங்களுக்குச் சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சியும் இருந்தது.

பட்டியல் போட்டு மலையேறுவது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹ்யூ மன்ரோ என்பவர் 1891இல் பட்டியலிட்டார். இன்றைய கணக்கில் அவை 282. அவற்றை முழுவதும் ஏறி முடிப்பதை வாழ்நாள் இலக்காகக் கொண்டவர்கள் ஏராளம். மன்ரோவோ 1919இல் இறக்கும்போது தம் பட்டியலையே முடித்திருக்கவில்லை. ஜப்பானில் ஃபுகாதா கியூயா என்னும் எழுத்தாளர் நூறு மலைகளைத் தேர்ந்து 1964இல் நூலாக்கினார். பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேற்பட்டவையே வேண்டும் என்று விதி வகுத்தவர், 877 மீட்டரே உயரமுள்ள சுகுபா மலையையும் சேர்த்துக்கொண்டார். அதன் பழம்பெருமை அவருக்கு உயரத்தைவிடப் பெரிதாகப் பட்டது. தாமே வகுத்த விதியைத் தாமே தளர்த்திக்கொண்ட அந்த மனிதர்மேல் எங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. 1971இல் மலையேற்றத்தின்போதே மூளை இரத்தநாள நோயால் அவர் காலமானார் என்பதையும் அப்போதே படித்திருந்தோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

முதல் ஆண்டு நன்றாகவே சென்றது. சோளிங்கரின் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் நாங்கள் பட்ட பாட்டைத் தலையில் பூக்கூடை சுமந்து ஏறிய அம்மையார் ஒருவர் இரக்கத்துடன் பார்த்தார். அடுத்த மலைக்காகக் காலையில் நடக்கத் தொடங்கினோம், மின்தூக்கியை மறந்தோம். நீரிழிவு நண்பரின் சர்க்கரை அளவு குறைந்தது. பர்வதமலையில் கடப்பாரைகளைப் பற்றி ஏறும் செங்குத்துப் பகுதியில் அவர் மட்டும் மிகவும் பின்தங்கினார். சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்திருந்தது. "பிரியாணியைக் குறை" என்று கேலி செய்தோம்.

வெள்ளியங்கிரிக்கு ஏப்ரல் மாதத்தில் சென்றோம். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கோல் வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். பகல் வெயிலுக்கு அஞ்சிப் பலரும் அப்படித்தான் ஏறுகிறார்கள். பகல் முழுதும் பணியாற்றி, உறங்காமல், அரைவயிற்றோடு அந்தச் செங்குத்தான படிகளில் காலை வைத்தோம். ஒரு நோயாளி இப்படிச் செய்திருந்தால் நாங்கள் கடிந்துகொண்டிருப்போம்.

இரண்டாம் மலையில் நண்பர் அடிக்கடி நின்றார். "வாயு. சாப்பிட்டது ஒத்துக்கலை" என்றார். நெஞ்சில் அழுத்தம் வந்தால் அதை வாயு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள் என்று எங்கள் பிரிவின் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதே நாங்கள், அந்த இருட்டில் "ஆமாம், வாயுவாகத்தான் இருக்கும்" என்று தலையசைத்தோம். மூன்றாம் மலையின் கைதட்டிச் சுனையில் நீர் பிடித்துக் குடித்தபின் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "இனி அவ்வளவு ஏற்றம் இல்லை, மெதுவாகப் போய்விடலாம்" என்று எங்களில் ஒருவர் கூறினார். அப்படிக் கூறியவர் இதயநோய் மருத்துவர். இக்கட்டுரையை எழுதும் கை அவருடையதே.

எதிரே இறங்கி வந்த பெரியவர் ஒருவர் டார்ச் ஒளியை நண்பரின் முகத்தில் பிடித்தார். "சாமி, இவரு முகம் சரியில்லைங்க. இறக்கிடுங்க" என்றார். அப்போதுதான் நாங்கள் அவரை மருத்துவர்களாகப் பார்த்தோம்: வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, நொடித்து ஓடும் நாடி. நால்வர் பையிலும் பேரீச்சம்பழம், கேமரா, வலிநிவாரணத் தைலம் எல்லாம் இருந்தன. ஓர் ஆஸ்பிரின் மாத்திரை இல்லை. பெரியவர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாண்டுக்கு முன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவராம். அவர் அந்த மலையை ஏறியிருக்கலாமா என்பது வேறு கேள்வி. எங்களைவிட ஆயத்தமாக ஏறியிருந்தார்.

வனத்துறையினரும் மலைவாழ் இளைஞர்களும் டோலி கட்டித் தூக்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டு நண்பரை இறக்கினர். அடிவாரத்திலிருந்து 108 ஊர்தியில் மருத்துவமனை சென்றோம். இதயத்தின் முன்பக்கத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முதன்மைத் தமனியில் 90 விழுக்காடு அடைப்பு இருந்தது. அன்று காலையே ஸ்டென்ட் வைக்கப்பட்டது. தசைச் சேதம் சிறிதளவோடு நின்றது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அவர் மனைவி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணா, நீங்க மூணு பேரும் டாக்டருங்கதானே?" அந்த முதியவரின் கேள்விக்காவது நடந்து விடை சொல்ல முடிந்தது.

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் பலர் உயிரிழந்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது உயரத்தால் நேர்வது என்று சிலர் நினைக்கிறார்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். வெள்ளியங்கிரி அவ்வளவு உயரமில்லை. ஏற்றம்தான் வேலையைக் காட்டுகிறது. செங்குத்தான படியில் இதயம் செய்யும் வேலை சமதள நடையைப்போல் இரு மடங்கையும் தாண்டும். உறக்கமின்மையும் நீர்ச்சத்துக் குறைவும் அதன்மேல் சுமையாகின்றன. தமனி குறுகியிருப்பவர்க்கு அமர்ந்திருக்கையில் போதுமாக இருக்கும் குருதி, மலைப்படியில் போதாமல் போகிறது.

புறப்படுமுன் நால்வருமே ஈ.சி.ஜி. எடுத்திருந்தோம், நான்கும் சரியாகவே இருந்தன. படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி., படுத்திருக்கும் இதயத்தைப் பற்றியே பேசும். நீரிழிவோ, உயர் இரத்த அழுத்தமோ, புகைப்பழக்கமோ உள்ளவர்கள் மலைக்குத் திட்டமிட்டால் டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அதுவும் முழு உத்தரவாதம் ஆகாது. உடம்பு வழியில் சொல்வதையும் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே வராமல் போகலாம். வழக்கமான ஏற்றத்தில் வழக்கமில்லாத மூச்சிரைப்பு, காரணமற்ற வியர்வை, மேல்வயிற்று அழுத்தம், தாடையிலோ இடக்கையிலோ கனம் ஆகியவையே அவர்களுக்கு வலி. பர்வதமலையில் பிழிந்த சட்டை எங்களுக்கு அதைத்தான் சொல்லியது.

ஆறு வாரம் கழித்து நண்பர் எங்கள் மறுவாழ்வுப் பயிற்சிக்கு நோயாளியாக வந்தார். முதல் நாள் பத்து நிமிடச் சமதள நடை. முழு வாக்கியம் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே அளவுகோல்; வாக்கியம் உடைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை உண்பவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையைவிட இது நம்பகமானது. இன்சுலின் போடுவோர் ஏறும்போது மட்டுமன்றி, இறங்கிய பல மணி நேரத்துக்குப் பின்னும் சர்க்கரை தாழலாம் என்பதை அவர் தம் உடம்பிலேயே கற்றுக்கொண்டார். குளுக்கோஸ் பொட்டலம் இப்போது எல்லாச் சட்டையிலும் இருக்கிறது. ஸ்டென்டைக் காக்கும் மாத்திரைகளை ஒருநாளும் விடவில்லை.

இனி மலையே வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நாங்கள் விரும்பினோம். குற்றவுணர்வு உள்ளவர்களுக்குத் தடை போடுவது எளிது. அவர் மனைவி ஒப்பவில்லை. "அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் ஒழுங்கா நடந்தார். அதைக் கிழிச்சுட்டா மறுபடி சோபாதான்" என்றார். நிபந்தனைகளை அவரே வகுத்தார். தாம் உடன் வருவார். திரும்ப வேண்டிய நேரம் புறப்படுமுன்பே முடிவாகும். சிகரம் பத்தடி தொலைவில் இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்ப வேண்டும். குழுவில் யார் ஒருவர் "இறங்கலாம்" என்றாலும், காரணம் கேட்காமல் எல்லோரும் இறங்க வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையைத்தான் துணையிருப்போர் அனைவருக்கும் நாங்கள் பரிந்துரைக்கிறோம். உடன் வாழ்பவர் அந்த முகத்தை எங்களைவிட நன்கு அறிவார்.

எட்டு மாதம் கழித்து, பரிசோதனைகள் முடிந்த பின், அவ்விருவரும் சோளிங்கர் சென்றார்கள். ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு ரோப் கார். இடையில் பதினோரு முறை உட்கார்ந்ததாக அவர் மனைவி கணக்குச் சொன்னார். எங்களில் எலும்பு மருத்துவருக்கு ரோப் காரில் குறிப்பான மகிழ்ச்சி. முழங்கால்கள் ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிகம் பழுதாகின்றன என்று அவர் இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டியல் இன்னும் ஓய்வறைச் சுவரில்தான் இருக்கிறது. ஐந்து பெயர்களுக்கு எதிரே தேதி உண்டு. அகத்தியர் மலைக்கு எதிரே ஒன்றும் இல்லை. வெள்ளியங்கிரிக்கு எதிரே தேதிக்குப் பதிலாக, நண்பரின் கையெழுத்தில், "கைதட்டிச் சுனை வரை" என்று எழுதியிருக்கிறது.